விழுந்தவரை எழுப்பாதீர்கள்

லிப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டிருந்தது. அதன் கூரைமேல் முழங்காலிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை பார்த்த மெக்கானிக்குக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை அவன் சட்டைப் பையில் இருந்தது. கைபேசி அங்கேதான் அதிர்ந்து அடங்கியது.

எடுத்துப் பார்த்தான். கால்பந்து கிளப் அனுப்பிய செய்தி.

'சனிக்கிழமை நம் கோலைக் காக்கப்போவது நம் இதயங்களின் பூட்டு. கைக்குட்டையோடு வாருங்கள்.'

பூட்டு என்பது கிளப்பின் மூத்த கோல்கீப்பரின் பட்டப்பெயர்.

டார்ச் வாயிலிருந்து நழுவி லிப்ட் கூரையில் டங்கென்று விழுந்தது.

"என்னய்யா, மயக்கமா?" என்று ஏழாவது மாடிக் கதவு வழியாக ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. உடன் வேலை பார்ப்பவன். தலையில் ஒரு முடிகூட இல்லாததால் எல்லாரும் அவனைச் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பூட்டை இறக்கறாங்களாம்டா. சனிக்கிழமை."

"பின்ன? ரிட்டயர் ஆகறாரு, கடைசி ஹோம் மேட்ச். வேற யாரு நிப்பா?"

"நிக்கவே முடியலையேடா அந்தாளால."

சுருட்டைக்கு முகம் சுருங்கியது. "பேசாதே. பதினெட்டு வயசுல வந்த மனுஷன், முப்பத்தொன்பது வரைக்கும் வேற கிளப் பக்கம் தலை வச்சுப் படுக்கலை. ஒரு மரியாதை வேணாமா?"

"மரியாதைக்குக் கேக் வெட்டு. கடிகாரம் குடு. கோல் போஸ்ட்டை எதுக்குடா குடுக்கறே?"

அவர்கள் கிளப்பில் அப்படி ஒரு வழக்கம். ஓய்வு பெறும் ஆட்டக்காரர் யாராக இருந்தாலும், சீசனின் கடைசிச் சொந்த மைதான ஆட்டத்தில் ஆரம்பம் முதல் ஆடுவார். நொண்டினாலும் ஆடுவார். இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. ஏனென்றால் கடைசி ஆட்டத்தால் எதுவும் மாறியதே இல்லை. வருஷா வருஷம் எட்டாவது இடம், தப்பினால் ஒன்பதாவது. ஆண்டு விருந்தில் கோல் அடித்தவனுக்குப் பரிசு கிடையாது. 'மனதைத் தொட்ட தருணம்' என்று ஒரு கோப்பை உண்டு. போன வருஷம் அதை வாங்கியவன், சொந்த கோலிலேயே பந்தை அடித்துவிட்டுப் புல்லில் குப்புறப் படுத்து அழுதவன்.

ஆனால் இந்த வருஷம் ஏதோ நடந்துவிட்டது. புதிதாக வந்த கோச்சம்மா யாருக்கும் சிரித்துக் காட்டவில்லை. எல்லாரையும் ஓட வைத்தாள். நடுவில் பூட்டின் முழங்கால் வீங்கியது. அவருக்குப் பதிலாக இறங்கிய மாற்று கோல்கீப்பரின் கையில் பந்து ஒட்டிக்கொண்டதுபோல் நின்றது. அவனுக்குப் பசை என்றே பெயர் விழுந்துவிட்டது. விளைவு, சனிக்கிழமை ஜெயித்தால் மேல் டிவிஷன். டிரா போதாது.

மெக்கானிக் பையனாக அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்த கிளப் அது. இப்போது அவன் தலையிலும் நரை. மேல் டிவிஷன் என்பதை அவன் டி.வி.யில்தான் பார்த்திருக்கிறான், அடுத்த வீட்டுக் கல்யாணத்தை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல.

"பசை இருக்கும்போது பூட்டு எதுக்கு?" என்றான். "அந்தப் பூட்டை இப்ப ஹேர்பின் போட்டாலே திறக்கலாம்."

"உன் சொந்தத் தங்கச்சி புருஷன்யா அவரு."

"அதனாலதான் சொல்றேன். முழங்கால் எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

லிப்டைக் கிளப்பிவிட்டு, வேலை உடுப்போடே தங்கை வீட்டுக்கு விட்டான் வண்டியை.

தங்கை மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். கதவைத் திறந்தவள் அண்ணன் முகத்தைப் பார்த்ததுமே வழியை மறித்து நின்றாள்.

"எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும். அவரை ஆடாதேன்னு சொல்லப்போறே."

"நீ ஆடச் சொல்றியா?"

"நான் சொன்னா யாரு கேக்கறா இந்த வீட்டுல? கோல்கீப்பருக்கு என்னைக் கட்டி வச்சதே உனக்கு நல்ல சீட் கிடைக்கும்னுதானே. போ, உள்ளதான் இருக்காரு. செருப்பைக் கழட்டு, கிரீஸ்."

உள்ளே பூட்டு சோபாவில் நீட்டிப் படுத்திருந்தார். வலது முழங்காலின் மேல் உறைந்த பட்டாணிப் பாக்கெட். அதற்குக் கீழே முழங்கால் என்று சொல்லத்தக்க வடிவம் எதுவும் இல்லை.

மெக்கானிக் எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதே..."

"ஆடாதேங்கறே. அதானே?"

"ஆமா."

"நான் ஏற்கெனவே சொல்லிட்டேன் மச்சான்."

மெக்கானிக் நிமிர்ந்தான்.

"கிளப் தலைவர்கிட்ட போய், பசை நிக்கட்டும், நான் மேட்ச் முடிஞ்சதும் கை காட்டிட்டுப் போறேன்னேன். கோச்சம்மாவும் கூட வந்தாங்க. அவரு என்ன பண்ணாரு தெரியுமா?"

"கைக்குட்டையை எடுத்தாரு."

"எடுத்தாரு. அதுக்கு மேல அந்த ரூம்ல யாரு பேசறது? நம்ம கிளப் ஒரு குடும்பம், குடும்பத்துல பெரியவனை வாசல்ல நிக்க வைப்போமான்னு கேட்டாரு. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாத்தான் நீ வெளிய வரலாம்னுட்டாரு."

பூட்டு கூரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

"எல்லாரும் என்னைப் பார்த்தா அழறாங்க மச்சான். ஒருத்தனும், நீ என்னய்யா ஜெயிச்சேன்னு கேட்டதில்லை. ஒரு தடவை மேல போய்ப் பார்க்கணும். பெஞ்சுல உக்காந்து பார்த்தாக்கூட சரி."

மெக்கானிக்கின் மூளையில் ஏதோ ஒரு சுவிட்ச் விழுந்தது.

"மாப்ள. தலைவர் என்ன சொன்னாரு? ஸ்ட்ரெச்சர்ல போனா?"

"ம்."

"அப்ப போயேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேநீர் கொண்டுவந்த தங்கை தட்டோடு அப்படியே நின்றாள்.

"பத்து நிமிஷம் நில்லு," மெக்கானிக் குரலைத் தாழ்த்தினான். "உன் ஆட்டமும் ஆச்சு, வழக்கமும் ஆச்சு. அப்புறம் காலைப் பிடிச்சுட்டு விழு. ஸ்ட்ரெச்சர் வரும். பசை உள்ள வருவான். யாரு என்ன சொல்ல முடியும்?"

"கோச்சம்மாகிட்ட?"

"நீயே சொல்லிடு. வேற ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது."

"இவரு நடிப்பாராக்கும்," என்றாள் தங்கை. "மாத்திரை போட்டாச்சான்னு கேட்டா ஒழுங்கா ஒரு பொய் சொல்லத் தெரியாது."

"விழறதுக்கு என்னம்மா நடிப்பு? நிக்கறதுக்குத்தான் இப்ப நடிச்சுட்டு இருக்கேன்," என்றார் பூட்டு. அன்று முதல் தடவையாக மூவரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை பிற்பகல், கேலரி பிதுங்கி வழிந்தது. கோலுக்குப் பின்னால் விரித்திருந்த துணியில் பூட்டின் முகம். ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சிறிதாகவும் வரைந்திருந்தார்கள். மெக்கானிக்குக்கு ஒரு பக்கம் தங்கை, மறு பக்கம் சுருட்டை. சுருட்டை ஆட்டம் தொடங்கும் முன்பே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

ஆட்டம் தொடங்கியது. எதிரணி இரண்டு முறை உள்ளே வந்தது. இரண்டு முறையும் பந்து வெளியே போனது. பக்கக் கோட்டருகே பசை கையுறையை மாட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தான். கோச்சம்மா மார்பில் கை கட்டி, யாரையும் பார்க்காமல் நின்றாள்.

தூரத்திலிருந்து ஒரு பந்து உயர வந்தது. பூட்டு எம்பிப் பிடித்தார். இறங்கினார். வலது காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

மைதானம் மூச்சை இழுத்துக்கொண்டது.

மெக்கானிக் தங்கையின் கையைப் பிடித்தான். "நல்லா பண்றான்," என்று உதடு அசையாமல் சொன்னான்.

"உண்மையாவே வலிக்குதுபோல இருக்கு."

"அதுவும் நல்லதுதான்."

ரெஃப்ரி விசில் ஊதினார். ஃபிஸியோ ஓடினான். ஸ்ட்ரெச்சர் வந்தது. பூட்டை அதில் ஏற்றினார்கள். பசை கோட்டுக்கு வந்து நின்றான். ஸ்ட்ரெச்சர் கோட்டைத் தாண்ட இன்னும் இருபது அடிதான். மெக்கானிக்குக்கு மேல் டிவிஷன் கண்ணில் தெரிந்தது.

அப்போது பக்கத்தில் சுருட்டை எழுந்தான். கண்களில் தாரை தாரையாக நீர். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினான்.

"பூட்டு... பூட்டு..."

"உக்காருடா," என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான் மெக்கானிக்.

"விடுய்யா. இப்படியா போகணும் அந்த மனுஷன்? பூட்டு... பூட்டு..."

முன்வரிசை எழுந்தது. அதற்கு முன்வரிசை எழுந்தது. எதிர்க் கேலரி எழுந்தது. ஒரு நிமிஷத்தில் மைதானம் முழுக்க ஒரே பெயர், ஒரே தாளம். தரையே அதிர்ந்தது.

"கத்தாதீங்கய்யா," மெக்கானிக் முன்வரிசைக்காரர்களின் தோள்களைப் பிடித்து அழுத்தினான். "போகட்டும் விடுங்க. போகட்டும்."

"எவன்டா இவன், எதிரணி ஆளா?" என்றது ஒரு குரல்.

ஸ்ட்ரெச்சரில் இருந்த தலை நிமிர்ந்தது. பூட்டு கேலரியைப் பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். இருபத்தொரு வருஷம் கேட்ட சத்தம்தான். ஆனால் இத்தனை பெரிதாக அவர் கேட்டதில்லை. அவர் முகத்தில் ஏதோ இளகுவதை மெக்கானிக் அங்கிருந்தே பார்த்தான்.

"வேணாம் மாப்ள," என்றான், அது கேட்காது என்று தெரிந்தே.

பூட்டு ஸ்ட்ரெச்சரின் விளிம்பில் கையூன்றினார். காலைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார்.

மைதானம் வெடித்தது. சுருட்டை மெக்கானிக்கைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டான்.

"போச்சு," என்றாள் தங்கை.

கோச்சம்மா அப்போதும் விடவில்லை. ஆள் மாற்றும் பலகையைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினாள். கேலரி ஊளையிட்டது. மேலே கண்ணாடி அறையில் தலைவர் எழுந்து நின்று, ஒரு கையில் கைக்குட்டையோடு, மறு கை விரலை இடமும் வலமும் ஆட்டினார். கோச்சம்மா பலகையைத் தரையில் போட்டாள். பசை கையுறையைக் கழற்றாமலே போய் பெஞ்சில் உட்கார்ந்தான்.

இரண்டாம் பாதியில் பூட்டின் அணி ஒரு கோல் அடித்தது. அழகான கோல். மெக்கானிக் கத்தவில்லை, கடிகாரத்தையும் பூட்டின் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி முழங்கால் மட்டும் தாங்கினால் போதும்.

தாங்கவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணிக்காரன் ஒருவன், வேறு வழியில்லாமல், பந்தைச் சும்மா ஒரு தட்டுத் தட்டினான். அது தரையோடு உருண்டு வந்தது. ஏதோ வீட்டு விலாசம் தேடுவது போல நிதானமாக வந்தது. பூட்டு வலது பக்கம் சாய வேண்டும், அவ்வளவுதான். இடுப்பு சாய்ந்தது, கால் சாய மறுத்தது. பந்து அவரைத் தாண்டிப் போய் வலையை மெல்லத் தொட்டது.

ஒன்றுக்கு ஒன்று. விசில்.

மெக்கானிக் உட்கார்ந்தான். உட்கார்ந்தது அவன் ஒருவன்தான். தங்கையும் பிறகு உட்கார்ந்தாள். மற்ற எல்லாரும் நின்றுகொண்டு கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மேல போகலைடா," என்றான் சுருட்டையிடம். "புரியுதா உனக்கு? போகலை."

"அது கிடக்குது. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். இப்படி ஒரு நாள் கிடைக்குமா?"

தலைவர் மைக்கோடு மைதானத்துக்குள் வந்தார். நாம் தோற்கவில்லை, நாம் ஒரு குடும்பமாக நின்றோம் என்றார். கைக்குட்டையை எடுத்தார். கேலரியில் ஆயிரம் கைக்குட்டைகள் எழுந்தன. பிறகு மைக்கைப் பூட்டிடம் கொடுத்தார்.

பூட்டு அதை வாங்கிக்கொண்டு கேலரி பக்கம் திரும்பினார். மைதானம் அடங்கியது.

"நான் விழுந்தது வேணும்னு விழுந்தது," என்றார்.

எழுந்த கைக்குட்டைகள் அப்படியே நின்றன.

"பசை உள்ள வரணும்னு விழுந்தேன். அவன் நின்னிருந்தா அந்தப் பந்தைப் பிடிச்சிருப்பான். இந்நேரம் மேல போயிருப்போம். நீங்க கூப்பிட்டீங்க. நான் எழுந்திருக்கக் கூடாது. எழுந்துட்டேன். அது என் தப்பு. ஆனா உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். இனிமே எவனாவது விழுந்தா, தயவு செஞ்சு விட்டுடுங்க. அவன் போகட்டும். ஜெயிக்கற வழியைப் பாருங்க."

மெக்கானிக் மெல்ல எழுந்தான். மாப்பிள்ளை சொல்லிவிட்டான். இத்தனை வருஷமாக எவரும் சொல்லாததை மைக்கில் சொல்லிவிட்டான். இதற்கு மேலும் உறைக்காமல் போகுமா?

ஒரு கணம், இரண்டு கணம்.

எங்கோ பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். பிறகு பத்துப் பேர். பிறகு கேலரியே இடிந்து விழுவதுபோல் எழுந்தது. பக்கத்தில் சுருட்டை தேம்பித் தேம்பி அழுதான்.

"கேட்டியாய்யா? கிளப்புக்காகத் தன்னோட கடைசி ஆட்டத்தையே விட்டுக் குடுக்கப் பார்த்திருக்காரு. எப்பேர்ப்பட்ட மனசு. இந்த வருஷக் கோப்பை இவருக்குத்தான்."

கீழே பூட்டு மைக்கில், "கை தட்டாதீங்க, நான் சொல்றது அது இல்லை" என்று கத்திக்கொண்டிருந்தார். தலைவர் அவரைக் கட்டிப்பிடித்து அழுததில் மைக் இருவர் மார்புக்கும் நடுவில் மாட்டி, கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. 'பூட்டு, பூட்டு' என்ற தாளம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. பசை யாரும் கவனிக்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தான். அவனை மேல் டிவிஷன் கிளப் ஒன்று கேட்டிருக்கிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

மெக்கானிக்குக்குக் கண் கரித்தது. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டான்.

சுருட்டை குனிந்து பார்த்தான். "ஒரு தட்டு தட்டினா என்னய்யா? கல் நெஞ்சுய்யா உனக்கு."

"மேல போனவன் எல்லாருக்கும் அதுதான்டா இருக்கு," என்றான் மெக்கானிக். "நகரு. மறைக்கறே. அந்தப் பையன் போறதையாவது பார்க்கறேன்."