வாயால் சொல்ல வேண்டிய பெயர்

சேணங்கள் மாட்டி வைக்கும் கொட்டகையிலிருந்து கிழவர் கிளெம் வெளியே வந்தபோது தொப்பியைத் தலையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார். ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர் முகம் அப்படி இருக்காது. "திருப்பி அனுப்பிட்டானுங்க. வாயால பேரச் சொல்லணுமாம்," என்றார், யாரையும் பார்க்காமல். வரிசையில் அடுத்து டல்சி நின்றாள். காலையிலிருந்து உள்ளே போன பதினொரு பேரும் இப்படித்தான் திரும்பியிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் முப்பதுக்கு மேல் பெண்கள் வெயிலில் நின்றார்கள்.

பெயர் என்றால் அவள் அண்ணனுடைய பெயர். அண்ணன் செத்து ஒன்பது நாள் ஆகிறது. டல்சியின் மழித்த தலையில் பூசிய வெள்ளைக் களிமண் இன்னும் உதிரவில்லை. துக்கம் தீர்ந்து, ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்துப் பெரியவர்கள் சரி என்று சொல்லும்வரை செத்தவர் பெயர் யார் வாயிலும் வரக்கூடாது. அதே பெயரோடு உயிருடன் இருக்கிறவர்களுக்கும் அதுவரை பெயர் கிடையாது, குமன்ஜாயி என்றுதான் கூப்பிட வேண்டும். தேர்தலில் நிற்கும் அவள் அக்கா மகனுக்கு அந்த மாமன் பெயரைத்தான் வைத்திருந்தார்கள், ஆக அவனும் இப்போது குமன்ஜாயி. அந்தப் பெயரை இந்தக் கதையிலும் எழுதுவதற்கில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே சீட்டில் பெயருக்கு நேரே எண் போட்டுவிட்டு வந்துவிடலாம். தெரியாதவர்கள் அதிகாரியிடம் சொல்ல வேண்டும், அவர் போடுவார். இந்த மாட்டுப் பண்ணையில் நம் ஆட்களில், இந்த மண்ணின் பூர்வகுடிகளில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர்.

தொகுதி என்கிறார்களே, இதை விமானத்தில் சுற்றிவரவே இரண்டு நாள் ஆகும். பண்ணை முதலாளி பெரிய ஹாலோரன், இப்போது நிற்கிறவனின் அப்பா, நின்ற காலத்தில் மாடுகள் லட்சக்கணக்கில் இருந்தன, ஓட்டுகள் எண்ணூறுதான். எதிர்க்க ஆளில்லாமல் மூன்று தடவை தேர்தல் நடக்காமலே ஜெயித்தார். நடந்த ஒரு தடவையும் ஆற்று வெள்ளம் வடக்குப் பக்கத்து ஓட்டுப் பெட்டியை அடித்துக்கொண்டு போய்விட்டது. எப்படியும் அவர்தானே என்று மிச்சத்தை எண்ணி அறிவித்துவிட்டு விருந்து வைத்தார்கள். பிறகு நம் ஆட்களுக்கும் ஓட்டு வந்தது. வந்தது என்று நம்மிடம் வந்து சொன்னவர் எவருமில்லை. மகன் ஹாலோரன் நின்றபோதுதான் சொன்னார்கள், அதுவும் லாரி அனுப்பி. ஏற்றிவந்து, ஆளுக்கு இரண்டு பீர் கொடுத்து, ஹாலோரன் படம் போட்ட அட்டையைக் கையில் திணித்து, உள்ளே போய் இதைக் காட்டு, போதும் என்றார்கள். டல்சியும் காட்டியிருக்கிறாள். அந்த பீரை நினைத்தால் அவளுக்கு இன்றும் குமட்டும்.

அண்ணன் பீர் குடிக்கவில்லை. மூன்று வருடமாக ஓட்டை ஜீப்பில் பண்ணை பண்ணையாகப் போய், படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, மிஷன் பள்ளியில் படித்த பேத்தியை எழுதச் சொல்லி அறுநூறு பேரைப் பட்டியலில் சேர்த்தார். போன தடவை ஹாலோரன் தப்பியது தொண்ணூற்று மூன்று ஓட்டில். இந்தத் தடவை நம் பையன் ஜெயித்துவிடுவான் என்று பண்ணை முதலாளிகளே பேசிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து அண்ணனின் நெஞ்சு நின்றுபோனது. அவர் சேர்த்த அத்தனை ஓட்டையும் அவர் பெயரே வழிமறித்து நின்றது.

டல்சி உள்ளே போனாள். மேசைக்குப் பின்னால் அதிகாரி, யாரோ பள்ளிக்கூட வாத்தியார், வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஹாலோரன் தரப்பு வக்கீல், தலைநகரத்திலிருந்து இதற்காகவே விமானத்தில் வந்தவர்.

"யாருக்கும்மா ஓட்டு?" என்றார் அதிகாரி.

"குமன்ஜாயிக்கு."

"அப்படி ஒருத்தர் நிக்கலியே," என்றார் வக்கீல். அதற்குள் இதைப் பன்னிரண்டு தடவை சொல்லியிருப்பார், அலுப்பே தெரியவில்லை.

அவள் அட்டையை எடுத்து அக்கா மகனின் படத்தைக் காட்டினாள். அட்டை செல்லாது என்றார் வக்கீல்.

"போன தடவ அட்டையப் பாத்துத்தான போட்டீங்க."

"அது போன தடவ."

டல்சி உதட்டைக் குவித்து வாசல் பக்கம் நீட்டினாள். வேலியோரம் அக்கா மகன் நின்றிருந்தான். இங்கே எல்லோரும் அப்படித்தான் ஆளைக் காட்டுவார்கள், விரல் நீட்டுவது மரியாதை இல்லை. வக்கீல் அதிகாரியைப் பார்த்து, "அம்மா முத்தம் குடுக்கறாங்க போல," என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டார். டல்சிக்கு இருவர் மேலும் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

தலைநகரத்து வக்கீலுக்கு இந்தச் சங்கதி எப்படித் தெரியும்? யார் சொல்லிக்கொடுத்தது என்று டல்சிக்குத் தெரியும். மகன் ஹாலோரன், அவர்கள் வீட்டில் வேலை பார்த்த அவள் அம்மாவின் மடியில் வளர்ந்தவன், நம் பாஷை பேசுவான். அம்மா செத்தபோது அவனுக்கு ஏழு வயது. யாராவது வெள்ளைக்காரர் மறந்து அம்மாவின் பெயரை எடுத்தால் ஓடிவந்து அவர் வாயைப் பொத்துவான். அதற்காகவே அவன்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் இருந்தது. அந்தத் துக்கத்தையே கொண்டுபோய் வக்கீலிடம் கொடுத்திருக்கிறான்.

"சித்தி."

அக்கா மகன் வாசற்படி வரை வந்துவிட்டான். வேட்பாளர் அதற்கு மேல் வரக்கூடாது. "சொல்லிடு சித்தி. நீ சொன்னா பின்னாடி நிக்கறவங்களும் சொல்லிடுவாங்க."

"ஒனக்கு அவரு யாருடா?"

"மாமாதான். இந்த ஓட்டுக்குத்தான மூணு வருசம் நாயா அலைஞ்சாரு? இன்னைக்கு ஒரு நாள் சொல்லிட்டா கோவிச்சுக்க மாட்டாரு." அவன் பேசியது முழுக்கத் தரையைப் பார்த்துத்தான்.

அவன்மேலும் அவளுக்கு அருவருப்பு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் கேட்பதையே படியில் நிற்பவனும் கேட்கிறான். ஆனால் அவன் சொல்வது பொய்யில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சொல்லாமல் போனால் ஹாலோரனுக்கு இன்னும் மூன்று வருடம், பிறகு அவன் மகனுக்கு. அண்ணன் அலைந்தது அத்தனையும் வீண். சொன்னால், மண்ணுக்குள் இன்னும் அடங்காத மனிதரைப் பெயர் சொல்லி இந்தக் கொட்டகைக்குள் கூப்பிட்டது அவர் கூடப்பிறந்தவள் என்று ஆகும். அவள் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சொன்னாள்.

மெல்லத்தான் சொன்னாள். படியில் நின்றவன், ஒன்பது நாளாகக் கேட்காத தன் பெயரைக் கேட்டதும், பழக்கத்தில் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். அதிகாரி பென்சிலை எடுத்தார்.

வக்கீல் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்து முன்னால் சாய்ந்தார். "மன்னிக்கணும். எனக்குச் சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."

வெளியே கேட்டிருந்தது. வரிசையில் முதலில் நின்றவள் கொட்டகைக்கு முதுகைத் திருப்பித் தரையில் உட்கார்ந்தாள், அவளுக்குப் பின்னால் இருந்தவளும் உட்கார்ந்தாள், பிறகு வேலி வரைக்கும் ஒவ்வொருத்தியாக. கை நிறையப் புழுதியை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டார்கள். ஒப்பாரி எழுந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. இனி டல்சி எவ்வளவு கத்திச் சொன்னாலும் யாருக்கும் கேட்காது. அதிகாரியின் பென்சில் சீட்டுக்கு மேலே நின்றிருந்தது, வக்கீல் காதில் வைத்த கையை எடுக்கவில்லை.