பாட்டுப் படாத பெட்டி

காலிதீனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி இறுகவில்லை. ஷரிபுதீன் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். இடது கால் ஒழுங்காகக் கிடந்தது. வலது கால்தான் விலகி விலகிப் போனது. மேடையில் மற்றவர்கள் பாட்டை முடித்து வியர்வை துடைக்கத் தொடங்கிய பிறகும் பெடலை விடாமல் மிதித்துக்கொண்டிருந்த கால் அது. சொல்வழி கேட்டுப் பழக்கமில்லை.

"ஷரிபுதீன்! அந்த ரெண்டு பெட்டியில பாட்டுப் படாத பெட்டி எது?"

வாசலில் நின்று கேட்டவர் தலைமை மரைக்கார் கச்சிமுகம்மது. பள்ளிவாசல் நிர்வாகத்தின் தலைவர். இரண்டு பேர் கூடி நின்றால் மூன்றாவதாகப் போய்ச் சொற்பொழிவு ஆற்றுபவர். தலைப்பாகை கட்டியிருந்தார். சுபஹுத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மனிதரின் வீட்டுக்கு, இவ்வளவு சுருக்காகத் தலைப்பாகையும் கட்டிக்கொண்டு எப்படி வந்தார் என்பது அவருக்கே வெளிச்சம்.

"என்னத்துக்கு மரைக்கார்?"

"மௌத்த அறிவிக்க வேணாமா? பள்ளிர அம்பிளிபயர்தான் எரிஞ்சி கிடக்கே."

எரிந்து நாளாகிவிட்டது. புதிது வாங்குவது பற்றி நிர்வாக சபை கூடிக் கூடித் தேநீர் குடித்திருந்தது. பாங்கு வெறும் தொண்டையால்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது மருதமுனை, சாய்ந்தமருது வரைக்கும் சனம் உள்ள ஒரு மனிதர் இறந்து கிடக்கிறார். அவர் வீட்டு விறாந்தையிலோ இரண்டு அம்பிளிபயர்கள் நிற்கின்றன.

அந்த இரண்டு பெட்டிகளும் நேற்று வந்தவை. 'கிழக்கொளி இன்னிசைக் குழு'வுக்குத் தலைவர், உபதலைவர், செயலாளர், போஷகர் என்று வாசிப்பவர்களை விட நிர்வாகிகள் அதிகம். இருந்த ஒரே அம்பிளிபயர் சூறாவளியில் நனைந்து போனது. புதிதாக ஒன்றுதான் வாங்கலாம். காசு ஒரு பக்கம் இருக்கட்டும், கலியாண வீடுகளுக்குப் போகும் மொறிஸ் மைனர் காரில் ஆட்களும் மேளங்களும் ஏறிய பிறகு ஒரு பெட்டிக்குத்தான் இடமிருக்கும். அந்த ஒரு பெட்டியிலேயே காலிதீனின் பெடல் ஸ்டீல் கிட்டாரும் ஷரிபுதீனின் எலெக்ட்ரிக் கிட்டாரும் பேச வேண்டும்.

அங்கேதான் சண்டை. ஸ்டீல் கிட்டாரை மேசை மாதிரிப் படுக்க வைத்து, நரம்பின் மேல் இரும்பை வழுக்கி, காலால் பெடலை மிதித்து வாசிப்பது. காலிதீன் தையல் மெஷினின் மிதியைக் கழற்றித் தானே பூட்டிய பெடல்கள். ஒரு சுரத்தை இழுத்தால் அது மெழுகு மாதிரி நீண்டுகொண்டே போகும். அதற்கு எவ்வளவு ஏற்றினாலும் உடையாத பெட்டி வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு நேர் எதிர். ஏற்றினால் தொண்டை கொஞ்சம் கரகரக்க வேண்டும். பெடியன்கள் விசிலடிப்பது அந்தக் கரகரப்புக்குத்தான்.

பாண்டிருப்பு வியாபாரி குணம் தன் வான் வண்டியில் இரண்டு பெட்டிகளைக் கொழும்பிலிருந்து ஏற்றி வந்து இறக்கியிருந்தான். ஒன்று கறுப்பு, பெரிது, உடையாதது. மற்றது மண்ணிறம், சிறிது, கரகரப்பது. "வாசிச்சிப் பாருங்கோ. ஒண்ட வச்சிக்கொண்டு மத்தத நாளைக்குப் பின்னேரம் தாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நேற்று அந்தி, மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு காலிதீன் கறுப்பில் ஸ்டீலைச் செருகினார். செருகியவர் கழற்றவில்லை.

"மச்சான், மண்ணிறத்தையும் ஒருக்காப் பாருங்க."

"அதுக்குச் சளி புடிச்சிரிக்கிடா. பாத்தாலே தெரியிது."

"கறுப்பில என்ர கிட்டாரப் போட்டா ஆஸ்பத்திரி நேர்ஸ் கதைக்கிற மாதிரி இரிக்கும். கொஞ்சம் உடஞ்சாத்தான் அது கிட்டார்."

"ஒனக்கு உடையணும் எண்டா ஒரு சட்டிய வாங்கிப் போட்டு உடைடா."

இரவு இஷாவுக்குப் பாங்கு கேட்கும் வரைக்கும் காலிதீன் வாசித்தார். ஷரிபுதீனின் முறை வரவேயில்லை. அவன் கிட்டாரை உறைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அவன் மனைவி ஹாஜறா காலிதீனின் சொந்தத் தங்கச்சி. "ரெண்டு குமருப்புள்ளைகளும் இண்டைக்கும் சண்டையா?" என்று கேட்டுவிட்டுச் சோற்றை வைத்தாள்.

இப்போது மரைக்கார் பதிலுக்கு நிற்கிறார்.

"மண்ணிறம்" என்றான் ஷரிபுதீன். "அதுல ஒருத்தரும் வாசிக்கல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். பாட்டுப் பட்ட பெட்டிய நான் பள்ளிக்குள்ள எடுக்க மாட்டன். அது ஏழு தரம் கழுவினாலும் போகாது."

மண்ணிறப் பெட்டி பள்ளிவாசல் மேல் மாடிக்கு ஏறியது. ஜன்னலில் ரோட்டைப் பார்த்து வைத்து மைக்கைச் செருகினார்கள். ஊருக்கெல்லாம் கேட்க வேண்டுமே என்று, பாங்கு சொல்லும் மோதினார் குமிழியைக் கடைசி வரைக்கும் திருகினார்.

"இன்னா லில்லாஹி" என்று தொடங்கியவரின் குரல் ரோட்டுக்கு வந்தபோது அது மனிதக் குரலாக இருக்கவில்லை. நெல் ஆலைக்குள் கல் விழுந்த மாதிரி ஒரு உறுமல். காலிதீன் எங்கே பிறந்தார், யாருடைய மகன், யாருடைய கணவர், எப்போது அடக்கம் என்று மோதினார் பக்தியோடு எல்லாவற்றையும் சொன்னார். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததெல்லாம் உறுமல்தான்.

கடற்கரைப் பக்கம் எழுபத்தெட்டுச் சூறாவளியை இன்னும் மறக்கவில்லை. பள்ளி உறுமினால் வேறு என்னவாக இருக்கும்? தோணிகளை இழுத்து மேட்டில் ஏற்றினார்கள். ஒருத்தி ஆட்டையும் அரிசி மூட்டையையும் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு ஓடினாள். சந்தையில், மோதினார் யாரையோ ஏசுகிறார் என்று பேசிக்கொண்டார்கள். யாரை ஏசுகிறார் என்பதில் இரண்டு கட்சி உண்டானது.

மௌத்து வீட்டுக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை.

காலிதீனின் மனைவி முனவ்வறா மையித்தின் தலைமாட்டிலிருந்து எழும்பி வந்து கதவு மறைவில் நின்றாள்.

"தம்பி, அவரு ஊருக்கெல்லாம் கலியாணத்துக்குப் போய் வாசிச்ச மனிசன். நாலு பேரோட கொண்டு போய் அடக்கப் போறீங்களா?"

ஷரிபுதீன் விறாந்தையில் நின்ற கறுப்புப் பெட்டியைப் பார்த்தான். மூன்று மாதமாக எந்த மாதிரிப் பெட்டிக்காக மச்சானோடு மல்லுக்கட்டினானோ, அந்த மண்ணிறப் பெட்டி ஊர் அறிய மானத்தை வாங்கியிருந்தது. அதுவும் மச்சானுடைய மௌத்தில். அவர் எழும்பியிருந்தால் இன்னும் ஒரு வருடத்துக்கு இதையே சொல்லிச் சிரித்திருப்பார்.

பள்ளிக்குப் போனான்.

"மரைக்கார், நான் மாறிச் சொல்லிட்டன். மச்சான் வாசிச்சது மண்ணிறத்தில. கறுப்புத்தான் சுத்தம்."

மரைக்காரின் முகம் மலர்ந்தது. காரணம் கிடைத்துவிட்ட மனிதரின் மலர்ச்சி அது.

"நான் சொன்னனா இல்லயா? மோதினார், கேட்டீங்களா? பாட்டுப் பட்ட வாய்! இன்னா லில்லாஹிய அது எப்பிடிச் சொல்லும்? உறுமாம என்ன செய்யும்?"

ஷரிபுதீன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு பாவமும் அறியாத மண்ணிறப் பெட்டி மூலையில் கிடந்தது.

கறுப்புப் பெட்டி ஏறியது. மோதினார் இந்த முறை பயந்து பயந்துதான் வாயைத் திறந்தார். குரல் ஜன்னலால் இறங்கி, ரோட்டைத் தாண்டி, தென்னைகளுக்கு மேலால் கடலுக்குப் போனது. ஒவ்வொரு எழுத்தும் கழுவி வைத்த மாதிரி இருந்தது. காலிதீன் என்ற பெயரை அந்த ஊர் அவ்வளவு சுத்தமாகக் கேட்டதேயில்லை.

"பாத்தீங்களா?" என்றார் மரைக்கார், கூடி நின்ற எல்லோருக்கும். "பாட்டுப் படாத பெட்டி எண்டா இதுதான்."

சனம் வந்தது. கலியாணத்தில் அவர் வாசிக்கக் கேட்டவர்கள், அவர் வாசித்ததால் கலியாணத்துக்கே போகாமல் விட்டவர்கள், தோணியை மேட்டில் விட்டுவிட்டு ஈரச் சாரனோடு வந்தவர்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கத் தோள்கள் முட்டிக்கொண்டன. ஷரிபுதீனுக்கு மையவாடி வரைக்கும் ஒரு தடவைதான் முறை கிடைத்தது.

திரும்பி வரும்போது பள்ளி வாசலில் மரைக்கார் சொற்பொழிவைத் தொடங்கியிருந்தார். அந்தப் பரிசுத்தமான பெட்டியைப் பள்ளிவாசலே வாங்கிக்கொள்வதென நிர்வாகம் முடிவு செய்துவிட்டதாம். நிர்வாகம் எப்போது கூடியது என்று ஒருவரும் கேட்கவில்லை. மையவாடியிலிருந்து வரும் வழியில், அவருக்குள்ளேயே கூடியிருக்க வேண்டும்.

குணம் வானில் சாய்ந்து நின்றான். ஷரிபுதீனைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"நல்ல மனிசன், ஷரிபு. நேற்றுக்கூட என்னோட பகிடி விட்டவர்." கொஞ்சம் சும்மா நின்றான். வியாபாரி அல்லவா, நீண்ட நேரம் முடியவில்லை. "அப்ப கறுப்புப் பள்ளிக்கு. மண்ணிறம் உங்களுக்கு. நீங்க கேட்டதுதானே? இனிப் பிரச்சினை இல்ல…" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியது. வானின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

"மண்ணிறத்த நீ ஏத்திக்கிட்டுப் போ" என்றான் ஷரிபுதீன்.

"அப்ப கிட்டார எதில வாசிக்கிற?"

ஷரிபுதீன் பள்ளிக்குள் போனான்.

மேல் மாடியில் மரைக்கார் தனியே இருந்தார். கறுப்புப் பெட்டியின் தூசியைத் தோள் சால்வையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மரைக்கார், இது பாட்டுப் பட்ட பெட்டி."

சால்வை நின்றது.

"காலையில மண்ணிறத்திலதான் வாசிச்ச எண்டு சொன்னாய்."

"காலையில மொதல் சொன்னதுதான் சரி. ரெண்டாவது சொன்னது பொய்."

மரைக்கார் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். மோதினார் கீழேதான் இருந்தார், தூரத்தில். குரலைத் தாழ்த்தினார்.

"எத்தின பாட்டு? ஒண்டா?"

"மஃரிபிலிருந்து இஷா வரைக்கும்."

"முழுசாவா, இல்ல சும்மா தட்டிப் பாத்ததா?"

"முழுசா. ஒங்கட வளவுக்கும் கேட்டிரிக்குமே, மரைக்கார்."

மரைக்கார் பெட்டியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு நினைவு வந்துகொண்டிருந்தது போலும். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தார். உள்ளே வழுக்கை.

"கேட்டது" என்றார் கடைசியில். "றேடியோ எண்டு நெனச்சன்."

வெளியே குணத்தின் வான் இயங்கும் சத்தம் கேட்டது.

"கதிரைய முத்தத்தில போட்டு இரிந்தன். இடையில ஒரு இடத்தில சுணங்கினான் என்ன, ஒரு இழுவையில? அப்பிடியே விட்டிருவானோ எண்டு பாத்துக்கிட்டு இரிந்தன்."

"விடல்ல."

"ஓம். விடல்ல."

பிறகு எழும்பி, இரண்டு கைகளையும் சாரனில் துடைத்தார்.

"இத இங்க வைக்கேலாது. கொண்டு போ. நேர்வாசலால வேணாம், சனம் நிக்கிது. பின்பக்க ஒழுங்கையால." ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "யா அல்லாஹ், ஒராள் தூக்கிற சாமானா இது? ஒன்ர மச்சான் இத ஆரோட தூக்கலாம் எண்டு இரிந்தவன்?"

ஷரிபுதீன் மற்றக் கைப்பிடியைப் பிடித்தான்.

ஒருவரும் காணாதபடி, பள்ளி அலுமாரியிலிருந்த வெள்ளை விரிப்பு ஒன்றை எடுத்து மரைக்காரே பெட்டியை மூடினார். இரண்டு பேரும் பின்வாசலால் இறங்கி, மணல் ஒழுங்கையில் அடி மேல் அடி வைத்துப் போனார்கள். பாரம் கையை அறுத்தது. ஒரு வேலியடியில் வைத்து மூச்சு வாங்கி, இடம் மாறிப் பிடித்தார்கள்.

எதிரே சைக்கிளில் ஒரு மீன்காரன் வந்தான். வெளியூர்க்காரன். மணியடிக்கக் கையை வைத்தவன், வெள்ளைத் துணியையும் அதன் இரு பக்கமும் குனிந்த தலையோடு நடந்த இரண்டு பேரையும் கண்டு கையை எடுத்தான். இறங்கி, சைக்கிளை வேலியோடு சாய்த்து, மடித்துக் கட்டியிருந்த சாரனை அவிழ்த்துக் கீழே விட்டான். அவர்கள் கடந்து போகும் வரைக்கும் அப்படியே நின்றான்.