வலது முனை ஏறும் கச்சை

'கற்றுக்குட்டித் தவறு' என்று எழுதியிருந்தான். அவளுடைய மூன்று வருட உழைப்பை இரண்டே சொல்லில் குப்பைக்கு அனுப்பியிருந்தான். அறிவியல் இதழ் அனுப்பிய மறுப்புக் கடிதத்தில் மதிப்பீட்டாளர் பெயர் இருக்காது. ஆனால் நுண்ணிய புதைபடிவங்களை ஆராயும் இந்தத் தொழிலில் மொத்தமே பத்துப் பேர். முகத்தை மூடினாலும் வசவு காட்டிக்கொடுத்துவிடும். எழுதியவன் அவளுடைய பெரியப்பா மகன், அடுத்த தெரு ஆய்வகத்தின் தலைவன்.

நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடிச் சில்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நேராக அவன் அறைக்குப் போனாள்.

சில்லின் நடுவே ஒரு கூடு. ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்த டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிர், உறங்கப் போகும்போது கட்டிக்கொண்ட வீடு. மயிரிழைப் பருமன்கூட இல்லை. முதுகில், உயிர் வெளியேறிய சாளரம். இடுப்பைச் சுற்றிக் கச்சை போல ஒரு பள்ளம். கச்சையின் இரு முனைகளும் வயிற்றுப் பக்கம் ஒரே மட்டத்தில் சேராது. சொந்தபந்த இனங்களில் எல்லாம் இடது முனைதான் மேலே. இதில் வலது முனை மேலே. அதனால்தான் புதிய இனம் என்றாள்.

"வா தங்கச்சி, உக்காரு."

"உக்கார வரலண்ணா. நான் முதுகுப் பக்கமிருந்து பாத்துட்டு, வயித்துல இடம் வலத்த மாத்தி எழுதிட்டேன்னு சொல்லியிருக்கீங்க."

மறுக்கவில்லை, சிரித்தான். "கூடு கண்ணாடி மாதிரி. இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் தெரியும். புதுசா வர்றவங்க ஏமாறுறதுதான்."

"சில்லப் பாத்தீங்களா?"

"படத்தப் பாத்தேன்ல?"

"கத்தரிக்கா வாங்குறவன்கூட புரட்டிப் பாத்துத்தான் கூடையில போடுறான். நீங்க சில்ல அனுப்பச் சொல்லிக்கூட கேக்கல."

நுண்ணோக்கியில் சில்லை அவளே பொருத்தினாள். "குவியத்த மேலேருந்து மெதுவா இறக்குங்க. எது முதல்ல தெளியுதோ அதுதான் நம்மளப் பாத்து இருக்கிற பக்கம். இது உங்க பாடம்தானே?"

குமிழைத் திருப்பினான். திரும்ப ஏற்றினான், இறக்கினான்.

"முதல்ல என்ன தெரியுது?"

கண்ணை எடுக்காமல் குமிழை இன்னொரு தரம் ஏற்றினான்.

"உங்களத்தாண்ணா."

"வயித்துப் பள்ளம்."

"சாளரம்?"

"அடியில." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்து முடிப்பதற்குள் குரலில் வெண்ணெய் ஏறிவிட்டது. "தங்கச்சி, இது பெரிய விஷயம். பேரினமே புதுசாகலாம். என் பேரையும் சேத்துக்கோ, இன்னைக்கே ஒப்புதல் போட்டுடறேன். குடும்பத்துக்குள்ளதானே."

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. "சரக்கப் பாக்காமலே சொத்தைன்னீங்க. பாத்ததும் பங்கா?" மறுப்புக் கடிதத்தை அவன் முன் விரித்துப் பேனாவை அதன் மேல் வைத்தாள். "இதுக்கு அடியில எழுதுங்க. சில்லைப் பார்க்காமல் எழுதினேன், இப்போது பார்த்தேன், இனம் புதியதுன்னு."

"எழுதலன்னா?"

"அடுத்த மாசக் கூட்டத்துக்குச் சில்லோட வர்றேன். பத்துப் பேரும் குமிழத் திருப்பிப் பாக்கட்டும்."

எழுதினான். எழுத்து அந்தக் கூட்டைவிடச் சிறிதாக இருந்தது.

வாங்கிப் படித்தவள் திரும்பவும் மேசையில் வைத்தாள். "பேரு?"

"மதிப்பீட்டுக்குப் பேர் போடற வழக்கம் இல்லையேம்மா."

"பங்குக்குப் போட இப்பதான் நீட்டினீங்களே, அதே பேருதான். இங்க போடுங்க."

போட்டான்.