முதல் வரிசை நாற்காலி

சிவனணைந்தபெருமாள் பழைய துறைமுகத்தில் சரக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான், தன் வீட்டில் தனக்கு இருக்க இடமில்லை என்பதைக் கண்டுகொண்டார். காலையில் மகன் சங்கரபாண்டியன் கிளியரிங் ஏஜெண்டு ஆபீசுக்கு ஓடும்போது வாசலில் குறுக்கே நிற்பார். மனைவி வடிவம்மாள் அரிசி புடைக்கும்போது அவள் பக்கத்தில் போய் நிற்பார்.

"முப்பது வருசமா இந்த மனுசன் அங்கன என்னதான் செஞ்சாரோ. இங்கன வந்து சுளகுக்குள்ள நிக்காரு" என்பாள் அவள்.

அவரை மூத்தோர் மன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனவர் இசக்கியப்பன். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிளார்க்காக இருந்தவர், வாலிபத்திலிருந்தே சிநேகிதர். "வீட்டுல இருந்தா ஒண்ணு சண்டை வரும், இல்லன்னா சீக்கு வரும். எங்கூட வாரும் வே" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

ரெண்டாம் கேட் பக்கத்தில் ஒரு சாக்குக் கடையின் மாடிதான் மன்றம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் கிருபாநிதி அதை ஒரு பள்ளிக்கூடம் மாதிரியே நடத்திவந்தார். திங்கட்கிழமை பேப்பர் வாசித்து விவாதம். செவ்வாய்க்கிழமை இந்தி வகுப்பு. வியாழக்கிழமை ஓமியோபதி. சனிக்கிழமை யாராவது ஒருவர் சொற்பொழிவு. மற்ற நாட்களில் கேரமும் சதுரங்கமும். "வேலைக்குத்தான் ஓய்வு, மூளைக்கு இல்லை" என்று வாத்தியார் வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லிவிடுவார். முப்பத்தெட்டாம் வருஷம் இந்தி ஒழிக என்று கொடி பிடித்துப்போன ஒருத்தர் இந்தி வகுப்பில் முந்தி வந்து உட்காருவார். கேட்டால், காசிக்குப் போனால் வழி கேட்க வேண்டாமா என்பார்.

பெருமாள் எட்டாங்கிளாசோடு படிப்பை விட்டவர். ஐம்பத்தெட்டு வயசுக்கு மேல் கையில் பென்சில் பிடித்து தமிழில் ஒன்றாக இருக்கும் 'க'வுக்கு இந்தியில் நாலு எழுத்து எழுதுவது அவருக்குத் திருவிழா மாதிரி இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கே முகம் கழுவித் திருநீறு பூசி, வெள்ளைச்சட்டை மாட்டிக் கிளம்பிவிடுவார். முதல் வரிசையில் ஜன்னலோரத்து நாற்காலி அவருடையது என்று ஆயிற்று. ஓய்வு பெற்றதற்காக அவர் சந்தோஷப்பட்டது அந்தச் சில மாதங்கள்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை இந்தி வாத்தியார் அவரிடம் இந்தியில் பேர் கேட்டார். பெருமாள் எழுந்து நின்று, "மேஸ்திரி. இப்ப ரிட்டயர்டு" என்றார். இந்தியில் 'நாம்' என்றால் பேர், 'காம்' என்றால் வேலை. ரெண்டும் அவர் காதில் ஒன்றாகவே விழுந்திருந்தன. வேண்டுமென்றே தமாஷ் பண்ணுகிறார் என்று எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். முப்பது வருஷம் விஞ்சுக்கும் கிரேனுக்கும் அடியில் நின்றவர். அங்கே எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள், அதனால் காது கொஞ்சங்கொஞ்சமாகப் போனது யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும்கூட.

இது நடந்த சில வாரத்தில் சனிக்கிழமைச் சொற்பொழிவு அவர் முறைக்கு வந்தது. நடுக்கடலில் கப்பல் நங்கூரம் போட்டு நின்ற காலத்தையும், கரையிலிருந்து தோணிகளில் சரக்கு போய் ஏறினதையும், சுழல்காற்றில் பருத்திப் பொதிகள் மிதந்ததையும் சொன்னார். மாடி முழுக்க அசையாமல் இருந்தது. கிருபாநிதி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கைதட்டினார்கள். யாருக்காவது கேள்வி உண்டா என்று வாத்தியார் சுற்றிலும் பார்த்தார்.

பின்வரிசையிலிருந்து பிச்சையா எழுந்தார். அதிகம் வாய் திறக்காத மனிதர். "தோணிக்கும் கப்பலுக்கும் நடுவுல விழுந்து எத்தனை ஆளு செத்திருப்பாங்க அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஆடா?" என்றார் பெருமாள் உற்சாகமாக. "கொழும்புக்கு எம்புட்டோ போகும். ஏத்தும்போது ஒண்ணு ரெண்டு தண்ணிக்குள்ள விழத்தான் செய்யும். விழுந்துச்சுன்னா அன்னைக்கு எங்களுக்குக் கறிச்சோறுதான்!"

நாலைந்து பேர் குபீரென்று சிரித்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டார்கள். பிச்சையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். பெருமாள் இன்னும் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

தெருவுக்கு வந்த பிறகுதான் இசக்கியப்பன் அவர் காதோடு வாயை வைத்துக் கத்தினார். "அவுக அண்ணன் அப்பிடி விழுந்துதான் செத்தாரு வே! கூடப்பிறந்த அண்ணன்!"

மறுநாள் காலையில் பெருமாள் இசக்கியப்பனையும் கூட்டிக்கொண்டு பிச்சையா வீட்டுக்குப் போனார். வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டு, "எனக்குச் செவி கேக்கலை. பெரிய தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சிருங்க" என்றார். பிச்சையா அவர் முகத்தைப் பார்த்து நெடுநேரம் என்னவோ சொன்னார். கோபமாகவும் தெரியவில்லை, தணிந்த மாதிரியும் தெரியவில்லை. திரும்பும் வழியில் பெருமாள் கேட்டார். "என்ன சொன்னாரு?"

"பரவாயில்லைன்னாரு" என்று கத்தினார் இசக்கியப்பன்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவ்வளவு நேரமா வாய் அசையும் என்று பெருமாள் நினைத்தார். மேலே கேட்கவில்லை. கேட்டாலும் அவர் நம்பியிருக்கமாட்டார்.

பாளையங்கோட்டையில் டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு செத்துவிட்டது, திரும்ப வராது என்று சொன்னார். சங்கரபாண்டியன் ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தான். தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். அதை மாட்டினால் நாற்காலி இழுப்பது இடி விழுந்த மாதிரி கேட்டது. மனிதக் குரல் மட்டும் தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டின மாதிரி, வார்த்தையே இல்லாத சத்தமாக வந்தது. சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டிப் பார்த்தார். பிறகு அது அலமாரிக்குள் போய்விட்டது.

மன்றத்துக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. கிருபாநிதி ஒரு சிலேட்டும் பல்பமும் வாங்கிப் பெருமாள் கையில் கொடுத்தார். பேசுவதையெல்லாம் பெருமாளுக்கு யாராவது எழுதிக்காட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிவைத்தார். முதலில் போட்டிபோட்டு எழுதினார்கள். சொற்பொழிவு முழுவதையும் இசக்கியப்பன் எழுதி எழுதி அழித்தார். பிறகு முக்கியமானதை மட்டும் எழுதினார். அதன் பிறகு தலைப்பை மட்டும். ஒருநாள் கேரம் பலகையைச் சுற்றி எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். பெருமாள் ஆசையோடு சிலேட்டை நீட்டினார். இசக்கியப்பன் வாங்கி, கொஞ்சம் யோசித்து, 'சும்மா' என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் மன்றத்திலிருந்து வேன் பிடித்து ஒருநாள் சுற்றுலா போனார்கள். சாகுபுரத்தில் கெமிக்கல் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கிருந்து திருச்செந்தூர் போய்ச் சாமி கும்பிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. பெருமாளுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். ஆலைக்குள் பேச்சு யாருக்குமே கேட்கவில்லை. என்ஜினியர் பையன் கையைக் காட்டிக் காட்டி விளக்கினான், எல்லாரும் பெருமாளைப் போலவே வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஒரு மணி நேரம் அவர் எல்லாரையும் போல இருந்தார்.

மத்தியானம் கேண்டீனில் சாப்பிட்டார்கள். பெருமாள் பின்பக்கம் போய்க் கைகழுவி, அப்படியே ஒதுங்கிவிட்டு வந்தார். கேண்டீன் காலியாக இருந்தது. பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் அவரைப் பார்த்து வாயில் கைவைத்தாள். கேட்டுக்கு ஓடினார். வேன் நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டுதான் கிடந்தது. ஹாரன் அடித்திருப்பார்கள். ஒரு தரமல்ல, பல தரம்கூட அடித்திருப்பார்கள்.

கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமர நிழலில் நின்றார். திரும்பி வருவார்கள் என்று நிச்சயமாக நம்பினார். இசக்கியப்பன் பார்ப்பார், பக்கத்து சீட்டு காலியாக இருப்பதைப் பார்ப்பார், வண்டியைத் திருப்பச் சொல்லுவார். தூரத்தில் உப்பளம் கண்ணைக் கூசவைத்தது. ரோட்டில் எந்த வண்டி வந்தாலும் நாலடி முன்னால் போய் நிற்பார். வாட்ச்மேன் வந்து என்னவோ கேட்டான். "எனக்குச் செவி கேக்காதுய்யா" என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். நிழல் மரத்தைவிட்டு நெடுக விலகிப்போன பிறகு அவர் ஆறுமுகநேரிக்கு நடந்து, தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு இசக்கியப்பன் வீட்டுக்கு ஓடிவந்தார். முகம் செத்துப்போயிருந்தது. சிலேட்டை எடுத்து, 'பின் சீட்டில் இருக்கிறீர் என்று நினைத்துவிட்டேன்' என்று எழுதினார்.

"எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டார் பெருமாள்.

இசக்கியப்பன் ஏதோ எழுதத் தொடங்கி, விரலால் அழித்தார். பொய் எழுத வரவில்லை போலிருக்கிறது. 'சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது' என்று எழுதினார்.

ரெண்டு நாள் கழித்து கிருபாநிதியும் வந்தார். சங்கரபாண்டியனோடு நெடுநேரம் பேசினார். பெருமாள் எதிரே உட்கார்ந்து ரெண்டு வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மகன் சிலேட்டில் எழுதினான்: 'வெளியூர் மட்டும் வேண்டாமாம். மற்றபடி தினமும் வரலாமாம்.' பெருமாள் தலையாட்டினார். அதற்குப் பிறகும் ஒரு வாரம் போனார். போய் உட்கார்ந்திருந்தார். அவர் வந்ததும் எல்லாரும் கையை உயர்த்திச் சிரிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். எட்டாம் நாள் சாயங்காலம் அவர் சட்டை மாட்டவில்லை. யாரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை. இசக்கியப்பன் மட்டும் ஒருதரம் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

வீட்டிலாவது பேச்சு வேண்டுமென்று வடிவம்மாளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். 'அ' வரைக்கும் வந்தது. கண்ணில் புரை விழுந்திருந்ததால் மற்ற எழுத்தெல்லாம் எறும்பு மொய்க்கிற மாதிரி தெரிகிறது என்று சைகை காட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளுக்கும் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. புருசன் பெண்டாட்டி பேச்சில் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தக்கூடியது எவ்வளவுதான் இருக்கிறது? சாப்பிட வாங்க, குளிக்க வாங்க, மழை வருது. அது போதுமென்று ஆகிவிட்டது.

பங்குனியில் ஒருநாள் மத்தியானம் எட்டயபுரத்திலிருந்து வடிவம்மாளின் அத்தைமகள் வந்தாள். பெருமாளின் மகள் தங்கத்தாயை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. ரெண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து குசுகுசுத்தார்கள். அத்தைமகள் போனபின் வடிவம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெருமாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அவள் அவரைப் பார்த்தாள். அண்டை வீட்டுச் சுவரைப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கத்தாமல், வழக்கமான குரலில், அவரிடம் சொல்ல ஆரம்பித்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. கல்யாணமான புதிதில் ராத்திரிப் படுக்கையில் இப்படித்தான் பேசுவாள். பெருமாள் கண்ணை எடுக்காமல் பார்த்தார். ரெண்டு தரம் மகள் பேர் வந்தது. அது மட்டும் பிடிபட்டது.

"ஏளா, தங்கத்தாய்க்கு என்ன? மாப்பிள அடிச்சானா?" என்று கேட்டார்.

மெதுவாகக் கேட்டதாகத்தான் அவர் நினைத்தார். வடிவம்மாள் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். அண்டை வீட்டுச் சுவருக்கு மேல் ஒரு தலை எழும்பியது. எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. அவர் அந்தக் கையை எடுத்துவிட முயலவில்லை.

அவள் மறுநாள் முதல் பஸ்ஸுக்குத் தனியாகக் கிளம்பினாள். கூட வருகிறேன் என்று அவர் செருப்பைத் தேடினார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு இறங்கிப் போனாள். சங்கரபாண்டியன் பேப்பர் ஓரத்தில் எழுதிக் காட்டினான்: 'அவனுக்கு வேறொருத்தி இருக்கிறாள். அம்மா தங்கத்தாயைக் கூட்டிவரப் போகிறாள்.'

பெருமாள் அந்த ரெண்டு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். மேலே கேட்க எவ்வளவோ இருந்தது. வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. எவ்வளவு சத்தத்தில் போகும், யார் யாருக்குப் போய் விழும் என்று தெரியாத வாய். செவி போய் ஒரு வருஷமாயிற்று. வாயும் போனது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் தாயும் மகளும் குதிரை வண்டியில் வந்து இறங்கினார்கள். தெருவில் அங்கங்கே ஆட்கள் நின்று பார்த்தார்கள். தங்கத்தாய் கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வாசலில் நின்றாள். கழுத்தோரத்தில் கன்றியிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அவள் உதடு அசைந்தது, பெரிதாக ஒன்றும் இல்லை, ரெண்டு மூன்று வார்த்தைதான்.

வாம்மா என்று சொல்ல வாயெடுத்தவர், தெருவில் நின்றவர்களைப் பார்த்து மூடிக்கொண்டார். ரெண்டு படி இறங்கிப்போய், அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, அவள் உள்ளே போக வழிவிட்டு நின்றார்.