துடைத்த தட்டு

எங்கள் குடும்பத்தில் எனக்குப் பெயர் கரிக்காரி. அத்தை வைத்த பெயர். நாற்பதை நெருங்கும்போது பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டுவிட்டு, நெருப்புக்கு மேலே தட்டைப் பிடித்துக் கரி சேர்க்கிற ஆராய்ச்சிக்குப் போனால் வேறென்ன பெயர் வைப்பார்கள். "அடுப்புல இல்லாத கரியா அங்க இருக்கு?" என்று ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டாள். அம்மாதான் வரிந்து கட்டிக்கொண்டு போனாள். "அது சும்மா கரி இல்ல. வெளிச்சம் குடுக்கிற கரி. என் பொண்ணு கண்டுபிடிச்சது" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நானும் இத்தனை வருஷம் ஓட்டினேன்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. சின்னதாக ஒரு கேஸ் சுடர். அதற்கு மேலே ஒரு உலோகத் தட்டு. தட்டு சூடாகாமல் இருக்க அதன் முதுகில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். சுடரிலிருந்து கிளம்பும் கரி அந்தக் குளிர்ந்த தட்டில் வந்து ஒட்டும். தலைமுடியைப் பல ஆயிரமாக வகுந்தால் வருமே, அவ்வளவு பொடிசான துகள்கள். அதை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வேகமாகச் சுழற்றி, மேலே தெளிந்து நிற்பதை எடுத்துப் புற ஊதா விளக்கில் காட்டினால் ஒளிர வேண்டும். சாதாரணமாக ஒளிராது. ஊர் உலகத்தில் எல்லாரும் கரியை அமிலத்தில் போட்டு மணிக்கணக்கில் காய்ச்சிய பிறகுதான் வெளிச்சத்தைப் பார்த்தார்கள். எனக்கு அமிலமே இல்லாமல் ஒளிர்ந்தது. நீலம். 'அமிலம் இல்லாத நீலம்' என்று என் வழிகாட்டி சார் அதற்குப் பெயர் வைத்தார். என் முனைவர் பட்டம் மொத்தமும் அந்த மூன்று வார்த்தைமேல்தான் உட்கார்ந்திருந்தது.

சுத்தம் விஷயத்தில் நான் ராட்சசி. ஒவ்வொரு தடவையும் தட்டைக் கழுவி, ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்த பிறகுதான் சுடரைப் பற்றவைப்பேன். ஆய்வகத்துக் காகிதம் நார் நாராக உதிரும், அதை நான் கிட்டவே சேர்க்கவில்லை. பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துத் துண்டு துண்டாக அம்மா தைத்துக் கொடுப்பாள். அழுக்கானதைக் கொண்டுவந்தால் தோய்த்து, இஸ்திரி போட்டு, அடுக்கி வைப்பாள். "ஆராய்ச்சிக்குப் போற துணி, வீட்டுத் துணியோட சேக்கக் கூடாது" என்று தனி வாளி, இரண்டு பங்கு சோப்புத்தூள். அவள் பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஒரு தடவை அந்த வெளிச்சத்தைக் கண்ணுல காட்டுடி."

"போன்ல காட்டினேனேம்மா."

"போட்டோல எல்லாமே நீலமாத்தான் இருக்கு. நேர்ல பாக்கணும்."

ஆய்வகத்துக்குள் வெளியாளை விடமாட்டார்கள். கடைசி வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் யாரும் வரலாம், அன்றைக்குக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அது வருகிற திங்கட்கிழமை.

இந்த வாரம் தேர்வாளர் போன் பண்ணினார். வேறு ஊர்க்காரர், மரியாதையான மனுஷன். "மேடம், நீங்க எழுதினபடியே எங்க ஆய்வகத்துல செஞ்சு பாத்தோம். கரி வருது, ஒளி வரல. எங்க பக்கம்கூடத் தப்பிருக்கலாம். திங்கட்கிழமைக்கு முன்னாடி நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்க" என்றார்.

பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் கோபப்பட்டேன். 'அடுப்பு பத்தவைக்கத் தெரியாதவனெல்லாம் தேர்வாளர்' என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே சாரிடம் போனேன்.

சார் பொறுமையாகக் கேட்டார். "கரி இல்லாத வெறும் தட்டை வெச்சு சரி பாத்திருக்க இல்ல?"

"ஒவ்வொரு தடவையும் சார். பெட்டியப் பிரிச்சு புதுத் தட்டு எடுத்து, அதுல வெறும் ஸ்பிரிட் ஊத்தி, அதையும் சுழற்றிப் பாத்திருக்கேன். சுத்தமா இருட்டு."

"துடைச்சியா அந்தத் தட்டை?"

"புதுத் தட்டை எதுக்கு சார் துடைக்கணும்" என்று வெடுக்கென்று சொன்னேன். சொல்லி முடித்ததும் அங்கேயே நின்றேன். கரி பிடிக்கிற தட்டை மட்டும்தான் இத்தனை நாளும் துடைத்திருந்தேன்.

இரண்டு பேரும் ஆய்வகத்துக்குப் போனோம். சுடரைப் பற்றவைக்கவே இல்லை. ஒரு புதுத் தட்டை எடுத்து அம்மாவின் துணியால் துடைத்தேன், ஸ்பிரிட்டை ஊற்றினேன், எடுத்த திரவத்தை விளக்கில் காட்டினேன். நீலம். என் நீலமேதான், ஒளியை அளக்கிற கருவியில் வைத்துப் பார்த்தாலும் அதே வளைகோடு. பிறகு துடைக்காத தட்டில் கரி பிடித்தோம். அது கரியாகவே இருந்தது. கடைசியில் விளக்கை மடித்து வைத்திருந்த துணிப் பக்கம் சார் திருப்பினார். நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. வெள்ளைத் துணி பளிச்சென்று தெரிய சோப்புத்தூளில் ஒரு சாயம் கலக்கிறார்கள், புற ஊதா பட்டால் அது நீலமாக ஒளிரும். எட்டாம் வகுப்புக்கு நானே நடத்திய பாடம்.

"திங்கட்கிழமை வேண்டாம்னு அவங்களுக்கு நான் சொல்லிடறேன். ஆய்வேட்டைத் திரும்ப வாங்கணும். அச்சான கட்டுரையையும்" என்றார் சார். திட்டியிருக்கலாம். அவர் பேரும் அதில் இருக்கிறது. "வேற தலைப்புல ஆரம்பிக்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தவர், என் வயதை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடத்தில் என் இடத்துக்கு ஆள் எடுத்து எத்தனையோ நாளாயிற்று. எனக்கு அழுகைகூட வரவில்லை. கையடக்கமான புற ஊதா விளக்கு ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வழியெல்லாம் அம்மாவோடு மனசுக்குள் சண்டை. யார் உன்னை இரண்டு பங்கு போடச் சொன்னது, யார் உன்னைத் தனி வாளி வைக்கச் சொன்னது. துணியை விளக்கில் காட்டி, பார் நீ பண்ணின காரியத்தை என்று கேட்டுவிட வேண்டும் என்றிருந்தேன். ஆத்திரத்தை யார் மேலாவது இறக்கிவைக்காமல் வீடு வரைக்கும் என்னால் நடக்க முடியவில்லை.

அம்மா துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "திங்கக்கிழமைக்கு வேணுமில்ல, இன்னும் கொஞ்சம் கூடவே தோய்ச்சேன். அத்தையையும் வரச் சொல்லிட்டேன். அவ வாயை அடைக்கணும்."

துணி அடுக்கை அள்ளிக்கொண்டு, அவளைக் கையைப் பிடித்துக் குளியலறைக்குள் இழுத்துப்போனேன். ஜன்னல் இல்லாத அறை. கதவைச் சாத்தியதும் கும்மிருட்டு. "என்னடி இது கூத்து" என்றாள். விளக்கைப் போட்டேன்.

துணி அடுக்கு முழுக்க நீலமாக எரிந்தது. அம்மாவின் தோளில் கிடந்த துண்டும் எரிந்தது.

கேட்க வேண்டியதெல்லாம் நாக்கின் நுனியில் நின்றது. அதற்குள் அம்மா ஒரு துணியை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"இதானா?"

"என்னது?"

"உன் வெளிச்சம். துணியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கு பாரு. நானும் அந்தத் தேய் தேய்க்கிறேன், போகலையே. அவ்வளவு கெட்டியாச் செஞ்சிருக்க."

அம்மா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அதை உபயோகிக்கவில்லை, புறங்கையால் துடைத்தாள்.

"போட்டோல இப்படி இல்லடி" என்றாள். "திங்கக்கிழமை அத்தைக்கும் இப்படியே காட்டணும். சரியா?"

"சரிம்மா" என்றேன்.