காலத்தையும் வீட்டையும்

கட்டர் அக்காவின் முன்னறையில் ஒரு மணி நேரம் என்பது நான்கு மணி நேரம். தண்ணீர் குடிக்க உள்ளே போன தபால்காரருக்கு வெளியே வரும்போது பசித்தது.

காரணம் ஒரு தட்டச்சுப் பிழை. ஆயத்த ஆடை ஆலையில் கட்டராகத் துணி வெட்டி ஓய்வுபெற்ற அக்கா, அறுபதாம் வயதில் உயில் எழுதினார். தன் காலத்துக்குப் பிறகு வீடும் சேமிப்பும் இசை மாணவர்களின் உதவித்தொகைக்கு என்றார். தட்டச்சரின் விரல்கள் பழக்கத்தில், 'என் காலத்தையும் வீட்டையும் சேமிப்பையும்' என்று அடித்துவிட்டன. வீடும் சேமிப்பும் சட்டப்படி காத்திருந்தன. காலம் காத்திருக்கவில்லை.

முதலில் பயனடைந்தவள் சலவை நிலையத்தில் இஸ்திரி போடும் பெண். வயலின் தேர்வுக்கு மூன்று வாரமே இருந்தது; பயிற்சிக்கு அவளுக்குக் கிடைத்தது தினம் ஒரு மணி நேரம். அந்த அறையில் அது நான்கானது. தெருவே காதைத் தீட்டிக்கொண்டது. மூன்றாம் வாரம் அவள் வில்லை எடுத்தாலே சைக்கிள்கள் நின்றன.

அக்காவின் தலை மட்டும் வேகமாக நரைத்தது. வக்கீல் குமாஸ்தாவான தம்பி திருத்தப் பத்திரத்தோடு ஓடிவந்தார்.

"ஒரே ஒரு கையெழுத்துக்கா. உன் ஆயுசு போயிட்டிருக்கு."

"போகாம வச்சிருந்து என்னடா பண்ணப் போறேன்? டிவி பார்க்கவா?"

வாசலில் நின்ற பெண் இதைக் கேட்டு, வயலின் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இனிமே நான் வரலைக்கா."

"வராட்டி அந்த நேரத்தை நான் ஊறுகாயா போட முடியும்? உள்ள வா. நேத்து மூணாம் பக்கத்துல சொதப்பினியே, அதை முதல்ல வாசி."

பெண் அழுதுகொண்டே வாசித்தாள். அக்கா அன்றுமுதல் நாற்காலியை அறைக்குள் போட்டுக்கொண்டார். கொடுத்த நேரத்தை உட்கார்ந்து கேட்டால் அதுவும் வாழ்ந்த நேரம்தான் என்று தம்பியிடம் சொன்னார். தம்பி பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தார். அவருக்கும் ஒரு நாற்காலி வந்தது.

பெண் தேர்வில் முதலிடம் பெற்றாள். தெரு வெடி போடாத குறை. பிறகு புல்லாங்குழல் வந்தது, செல்லோ வந்தது, காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை வரிசை நின்றது. ஆறு ஆண்டுகளில் முப்பத்தொரு பேர் இசைக் கல்லூரிக்குள் போனார்கள்.

அக்கா ஒரு வியாழக்கிழமை பாட்டின் நடுவே நாற்காலியிலேயே இறந்தார். பிறப்புச் சான்றிதழ்படி அறுபத்தாறு. மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட்டு இறப்புச் சான்றிதழில் வயது எழுபத்தைந்து என்று எழுதினார். தம்பி படித்துப் பார்த்தார், சரியாக இருந்தது, வாங்கிக்கொண்டார்.