ஓடாத ரயிலின் அழுக்கு

முனிரத்தினத்தின் வேலை தூசி பார்ப்பது. ஒரகடத்தில் கார் பம்பர்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனி ஒன்றில், கடைசி விளக்கு வரிசைக்குக் கீழே அவர் நிற்பார். காய்ந்து வரும் ஒவ்வொரு பம்பரையும் கண்ணால் பார்த்து, கையுறை போட்ட விரலால் தடவுவார். கடுகில் பாதி அளவு தூசி பெயிண்டுக்குள் மாட்டியிருந்தாலும் அதன் பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அடுத்து நிற்பவர்கள் அந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டு ஸ்டிக்கரையும் பிய்த்து எறிந்துவிடுவார்கள். நன்றாகச் செய்தால் செய்ததே தெரியாமல் போகிற வேலை.

பெயிண்ட் ஷாப்புக்குள் நுழைவதற்கு முன் காற்றடிக்கும் அறையில் நின்று உடம்பில் ஒட்டியிருப்பதை எல்லாம் உதற வேண்டும். தலைக்கு எண்ணெய் கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது, நெற்றியில் விபூதி கூடாது. சாமி கும்பிட்ட கையோடு விபூதியை அழித்துக்கொண்டு கிளம்பும் மனிதரைத் தன் மனைவி கங்கா எப்படிப் பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. பெரும்பாலும் எதைப் பற்றியுமே அவர் பேசியதில்லை.

போன வருடம் முழுக்க அவர் கையைத் தாண்டி ஒரு தூசிகூட வெளியே போகவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த கம்பெனி டைரக்டர் மேடையில் அவருக்குக் கைகொடுத்து ஒரு பெட்டியைத் தந்தார். மற்றவர்களுக்கெல்லாம் ஹாட்பாக்ஸ். இவருக்கு மட்டும், டைரக்டர் தன் ஊரிலிருந்து தானே தூக்கி வந்த பொம்மை ரயில் எஞ்சின். பழைய காலத்து நீராவி எஞ்சின். பெட்டிக்குள் துண்டு துண்டாக இருக்கும், நாம்தான் சேர்த்து ஒட்ட வேண்டும்.

"சாருக்கு ரயில்னா உயிராம்" என்றார் மேனேஜர் சுபாஷ். "அடுத்த வருஷம் வரும்போது முடிச்சு வச்சிருக்கணுமாம். அவரே பாக்கணும்னு சொல்றார்."

படப்பை வீட்டில், டிவி ஸ்டாண்டை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டு முனிரத்தினம் உட்கார்ந்தார். கூடவே வந்த தாளில் இருந்த மொழி அவருக்குப் புரியவில்லை, ஆனால் படமும் எண்ணும் புரிந்தன. பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக நகவெட்டியால் நறுக்கி எடுத்தார். பிசிறை உப்புத்தாளால் தேய்த்தார். பாய்லர் உருண்டு வந்தது. புகைபோக்கி நின்றது. சக்கரங்களைக் கோத்த தண்டு மேலும் கீழும் அசைந்தது. கைப்பிடிக் கம்பிகளைக் குண்டூசியில் சுற்றி வளைத்தார். கடைசியில், மொட்டை மாடியில் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, காற்று நின்ற நேரமாகப் பார்த்துக் கறுப்பு பெயிண்ட் அடித்தார். ஒரு தூசி விழவில்லை.

காய்ந்த எஞ்சினைப் பெட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அவர் முகம் மாறியது.

பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த படத்தில் எஞ்சின் அழுக்காக இருந்தது. புகைபோக்கியின் வாயில் கரி. சக்கர ஆரங்களில் துரு. பாய்லரிலிருந்து வழிந்த தண்ணீர் வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. அவர் தொழிலில் மாதிரி என்று ஒன்று உண்டு. அதனோடு ஒத்துப்போனால் சரி, போகாவிட்டால் தவறு. மாதிரி அழகாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மாதிரி அழுக்காக இருந்தால் அழுக்குதான் சரி. அவர் கையில் இருந்தது பளபளக்கும் ஒரு தவறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் ஸ்டூலை விட்டு எழவில்லை. கங்கா அவரைச் சுற்றிப் பெருக்கினாள். பக்கத்தில் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அவர் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக் கரி எடுத்தார். பழைய ஜன்னல் கம்பியைச் சுரண்டித் துருவைச் சேர்த்தார். பைக் செயினிலிருந்து மசகு. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைக் கோடு. எல்லாவற்றையும் மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு, ஊதி, துடைத்து, மறுபடி தொட்டார். தூசி எங்கெல்லாம் போய் விழும் என்பது அவருக்குத் தெரியும். இத்தனை வருடமாக அதை மடக்கிப் பிடிப்பதற்காகக் கற்றுக்கொண்டது, இப்போது அதை விழவைக்க உதவியது.

"இன்னாயா இது" என்றாள் கங்கா. "நல்லாத்தானே இருந்துச்சு. ஊர்ல இருக்கிறவன்லாம் அழுக்கைத் தொடைப்பான். நீ குந்திக்கினு பூசிக்கினு கீற."

"படத்துல அப்படித்தான் கீது."

"மேல வெள்ளையா அது இன்னா?"

எஞ்சின் டிரைவர் நிற்கும் அறையின் கூரை மேல், படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அச்சுப் பிழையாக இருக்கலாம். பறவை எச்சமாகவும் இருக்கலாம். அவர் அதைப் பற்றி நாள்கணக்கில் யோசித்து, எச்சம் என்று முடிவுசெய்து, சுண்ணாம்பில் ஒரு சொட்டு வைத்திருந்தார்.

"காக்கா."

கங்கா குனிந்து அந்தச் சொட்டைப் பார்த்தாள். "அதுக்குக்கூட காக்காவை நம்ப மாட்டியா நீ? அதையும் நீயே போடணுமா?"

போகப்போக அவருக்குப் பெட்டியைப் பார்க்கத் தோன்றாத மாலைகளும் வந்தன. ஒருநாள், எஞ்சினில் ஏறும் படிக்கட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். படத்தில் அந்த இடம் தெரியவே தெரியாது. மழையில் நடந்து வரும் டிரைவர் இதில்தானே கால் வைப்பார், கால் சேறு வழிந்து இங்கேதானே உறையும் என்று நினைத்தார். கீழே இறங்கிப் போய்த் தன் பைக்கின் மட்கார்டிலிருந்து செம்மண்ணைச் சுரண்டி வந்தார். கம்பெனி வாசலில் லாரிகள் திரும்பும் இடத்து மண். காற்றடிக்கும் அறையில் தினமும் உதறிவிட்டுப் போகும் அதே மண். அதைக் குழைத்துப் படியின் உள்மூலையில் விரலால் ஒரே ஒரு தடவை இழுத்தார். மாதிரி இல்லாமல் அவர் செய்தது அது ஒன்றுதான்.

இதைப் பார்க்கத் தெரிந்த ஒரு மனிதர் வருகிறார் என்ற எண்ணம் அவருக்குள் உட்கார்ந்துகொண்டது. டைரக்டர் பாராட்ட வேண்டாம். பரிசு தர வேண்டாம். குனிந்து பார்த்து, இது செய்யப்பட்டது, தானாக வந்ததல்ல என்று தெரிந்துகொண்டால் போதும். பம்பர் அந்த வாய்ப்பை ஒருநாளும் தராது.

டைரக்டர் வருவதற்கு முந்தின நாள் எஞ்சினைக் கம்பெனி வரவேற்பறைக் கண்ணாடி மேஜை மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை, கேட்டிலேயே கார்முகிலும் அருள்பாண்டியும் அவருக்காகக் காத்திருந்தார்கள். இருவரும் பெயிண்ட் அடிப்பவர்கள். கார்முகில் பக்கத்து ஊர், அருள்பாண்டி திருநெல்வேலிப் பக்கம். இருவர் முகத்திலும் ஏதோ ஒன்றை ஒளித்து வைத்திருக்கும் சிரிப்பு.

"வாண்ணே, வந்து பாரு" என்று கார்முகில் அவர் கையைப் பிடித்து வரவேற்பறைக்கு இழுத்துப் போனான். மேஜை மேல் ஒரு வெள்ளைத் துணி. அருள்பாண்டி அதை எடுத்தான்.

எஞ்சின் பளபளத்தது. கூரை விளக்குகள் பாய்லரில் வரிசையாகத் தெரிந்தன. புகைபோக்கி வாய் சுத்தமாக இருந்தது. காக்கா பறந்து போயிருந்தது.

"நேத்து சுபாஷ் சார் பாத்துட்டு ஆடிப் போய்ட்டாருண்ணே" என்றான் அருள்பாண்டி. "எங்களுக்கும் மனசு கேக்கல. வீட்ல நம்மள மாதிரி பெயிண்ட் பூத்து இல்லாம அடிச்சா தூசி ஒட்டத்தானே செய்யும்? முனிரத்தினம் அண்ணன் பண்ணதப் போயி ஒருத்தன் குறை சொல்லலாமா? அதான் ராத்திரி ஓவர்டைம்ல நின்னு ஸ்பிரிட் போட்டுத் தொடச்சு, புதுசா ரெண்டு கோட்டு அடிச்சோம்."

"வெளியில யாருக்கும் தெரியாதுண்ணே" என்றான் கார்முகில் மெதுவாக. "நீயே அடிச்ச மாதிரிதான்."

முனிரத்தினம் அவர்கள் முகத்தைப் பார்த்தார்.  இருவரும் கண் சிவந்து நின்றார்கள். தூங்கியிருக்கவில்லை.

"என்னண்ணே பேசாம நிக்கிய? செக் பண்ணுங்க. ஒரு தூசி காட்டுங்க பாப்போம்" என்றான் அருள்பாண்டி.

அவர் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார். பழக்கம்தான் எடுத்தது. பாய்லர், சக்கரம், கைப்பிடி, கூரை. ஒன்றும் இல்லை. இந்த லைனில் இதைவிட நல்ல வேலையை அவர் பார்த்ததில்லை. எஞ்சினைச் சாய்த்துப் படிக்கட்டின் அடியில் வெளிச்சம் காட்டினார். துணியும் ஸ்பிரேயும் எட்டாத உள்மூலையில் செம்மண் அப்படியே இருந்தது.

டார்ச் அங்கேயே நின்றது. சட்டைப் பையில் சிவப்பு ஸ்டிக்கர் சுருள் இருந்தது.

"இன்னாண்ணே?" என்றான் கார்முகில்.

"ஒண்ணுமில்ல" என்றார். "ஓகே."

இருவரும் கைதட்டினார்கள். தேறிய பொருளுக்கு ஒட்டும் பச்சை ஸ்டிக்கரை விளையாட்டாக நீட்டினார்கள். முனிரத்தினம் அதில் தன் ஊழியர் எண்ணை எழுதி எஞ்சினின் அடியில் ஒட்டினார். தெரிந்தே ஒரு தூசியை அவர் விட்டது அதுதான் முதல் தடவை.

பதினோரு மணிக்கு டைரக்டர் வந்தார். பூங்கொத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு நேராக மேஜைக்கு வந்தார். எஞ்சினைப் பார்த்ததும் முகத்தில் இருந்த ஆவல் வெறும் மரியாதையாகச் சுருங்கியது. "வெரி க்ளீன்" என்றார். சுபாஷ் மலர்ந்து முனிரத்தினத்தின் முதுகில் தட்டினார்.

டைரக்டர் கிளம்பவில்லை. எஞ்சினைக் கையில் எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கம்பிகளின் வளைவைப் பார்த்தார். திருப்பினார். படிக்கட்டின் அடியில் சுட்டுவிரலை விட்டு மெல்ல இழுத்தார்.

விரல் நுனியில் சிவப்பு.

 டைரக்டர் அந்த விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி முனிரத்தினத்தைப் பார்த்தார். முனிரத்தினமும் கண்ணை எடுக்கவில்லை. 

"டர்ட்" என்றார் டைரக்டர். அது கேள்வியா, புகாரா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியாத குரல்.

"சாரி சார், சாரி" என்று சுபாஷ் பாய்ந்து, எஞ்சினை வாங்கித் தன் கைக்குட்டையால் மூலையைக் குடைந்து துடைத்துவிட்டார். டைரக்டர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அடுத்த அறைக் கதவைத் திறந்து பிடித்திருந்தார்கள்.

மதியம் சுபாஷ் லைனுக்கு வந்தார். கடைசியாகத் தவறு வெளியே போய் எத்தனை நாள் ஆயிற்று என்று காட்டும் போர்டு விளக்கு வரிசைக்கு மேலே இருந்தது. அதில் எழுநூற்றுச் சொச்சம் ஓடிக்கொண்டிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க முனிரத்தினம். நம்ம பூத்துல அடிச்ச பொருள், அடியில உங்க பச்சை ஸ்டிக்கர். கண்டுபிடிச்சது டைரக்டர். கணக்குல எடுக்கலன்னா நாளைக்கு ஆடிட்ல கேப்பாங்க."

போர்டில் எண்ணை அழித்து ஜீரோ போட்டார்கள். கார்முகில் தலையைத் தூக்கவே இல்லை. "எங்களால உனக்குப் போச்சேண்ணே" என்றான். தான் அதை முன்பே பார்த்துவிட்டதை முனிரத்தினம் அவனிடம் சொல்லவில்லை. அவன் தோளில் கையை வைத்துவிட்டு அடுத்த பம்பருக்குத் திரும்பினார்.

வீட்டில் கங்கா அவர் கையைப் பார்த்தாள். வெறுங்கை.

"ரயிலு எங்க?"

"கம்பெனியிலயே வெச்சிக்கினாங்க. கண்ணாடிப் பெட்டி பண்றாங்களாம்."

"அந்த வெளிநாட்டாளு பாத்தாரா?"

முனிரத்தினம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு, சிவப்பு ஒட்டிய டைரக்டரின் விரல் நுனியை மறுபடி நினைத்துப் பார்த்தார்.

"பாத்தாரு."

"இன்னா சொன்னாரு?"

"அழுக்கா கீதுன்னாரு."

"நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றாள் கங்கா. பிறகு, முகம் துடைக்கும் துண்டுக்குப் பின்னாலிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டு, அடுப்பைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.